நடுக்கதிரையில் அம்மாச்சி

கொழும்பு கிராண்ட்பாஸ் முடுக்குகளில் ஒரு வீட்டுச் சண்டை அடுத்த வீட்டுக்குக் கேட்காமல் நடக்க வழியில்லை. ஆனாலும் சண்டைக்குரிய இருவர் நேருக்கு நேர் பேசிக்கொள்வது குறைவு.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குவைத்தில் வீட்டுவேலை பார்த்துவிட்டுத் தாய் திரும்பியிருக்கிறார். மகளை வளர்த்தது அம்மாச்சி. மகள் டியூஷன் காசு கேட்பதும் கோபிப்பதும் அம்மாச்சியிடம்தான். குடும்ப சிகிச்சைக்கு மூவரும் வருகிறார்கள், நடுக்கதிரையில் அம்மாச்சி. "ராவுல போன் நோண்ட வேணாம்னு அவகிட்ட சொல்லுங்கம்மா" என்கிறார் தாய். சிகிச்சையாளர் அம்மாச்சியைத் தன் பக்கத்துக்கு அழைத்துக்கொண்டு, "இப்ப நீங்களே மகளைப் பார்த்துச் சொல்லுங்க" என்கிறார். தாய்க்கு வார்த்தை வரவில்லை. மகள் ஃபேனைப் பார்க்கிறாள். அம்மாச்சி வாயெடுக்க, "கொஞ்சம் பொறுங்க." அந்தத் தடுமாற்றத்தை நடக்க விடுவதுதான் வேலை. புத்திமதிக்கு நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம்?

இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தவர், 1921இல் ஆர்ஜென்டினாவில் பிறந்த சல்வதோர் மினுச்சின். நியூயோர்க்கின் ஏழைக் குடும்பங்களோடு செய்த வேலையைச் சகாக்களுடன் 1967இல் நூலாக்கினார். குழப்படிப் பையனை மட்டும் திருத்தப் பார்க்காமல், அந்த வீட்டில் யார் சொல் யாரிடம் எடுபடுகிறது என்று கவனித்தார். பின்னர் பிலடெல்பியாவில், பட்டமில்லாத உள்ளூர் ஆட்களையே இதற்குப் பயிற்றுவித்தார். எனக்கு அவரிடம் அதிகம் பிடித்தது அதுதான். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவிலும் உறவினர் நோயாளியோடு தங்கி சிகிச்சையில் பங்கெடுப்பது நெடுநாள் வழக்கம்.

இலங்கையில் பிணக்குத் தீர்க்க எங்களிடம் 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியஸ்த சபைகளும் உண்டு. காணிப் பிணக்குக்கும் கடன் பிணக்குக்கும் நல்லது. இணங்கினால் கையொப்பத்தோடு முடியும். தாயும் மகளும் எதில் கையொப்பம் வைப்பது?

அடி விழுகிற வீட்டுக்கு இந்தக் கூட்டுப்பேச்சு ஆகாது. சிகிச்சை அறையில் சொன்ன ஒரு வார்த்தைக்கு அன்றிரவே வீட்டில் தண்டனை கிடைக்கலாம். அங்கே முதலில் பாதுகாப்பு: 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, பெண்கள் 1938ஐ அழைக்கலாம்.

மற்ற வீட்டார் பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரை விசாரியுங்கள். "அவர் வரவே மாட்டார்" என்று தகப்பனைக் காரணம் காட்டித் தள்ளிப்போட வேண்டாம். வருகிறவர்களை வைத்தே தொடங்கலாம்.