பீரோவில் தூங்கும் கேசட்டுகள்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உபயோகமா ஏதாவது பேசுப்பா, அரசியல் வேண்டாம்" என்றார் செயலாளர். அதனால் உங்கள் வீட்டு பீரோவைப் பற்றிப் பேசப் போகிறேன். அதில் பட்டுப் புடவைக்கு அடியில் இரண்டு மூன்று வீடியோ கேசட் கிடக்கும். இல்லை என்று யாராவது சொல்லுங்கள் பார்ப்போம்!

என் அப்பா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் உலைப் பக்கம் வேலை பார்த்தவர். அந்த இரைச்சலில் பழகியதால் வீட்டிலும் உரக்கத்தான் பேசுவார். ஷிப்ட் முடிந்து வந்தால் தெருமுனையிலேயே குரல் கேட்கும். 1998இல் பொன்னேரியில் என் தங்கை கல்யாணம். துபாயிலிருந்து மாமா கொண்டு வந்த ஹை-8 ஹேண்டிகேமில் நான்தான் படம் பிடித்தேன். 2007இல் அப்பா காலமானார்.

2010இல் அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற உட்கார்ந்தேன். ஹை-8 என்பது அனலாக். அதை அப்படியே கம்ப்யூட்டர் வாங்கிக் கொள்ளாது. நண்பர் ஒருவர் டிஜிட்டல்-8 கேமரா கொடுத்தார். அந்த வகையில் சில மாடல்கள் பழைய ஹை-8 நாடாவையும் ஓட்டி, டிஜிட்டலாக மாற்றி, ஃபயர்வயர் கேபிள் வழியாக வெளியே அனுப்பும். என் கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட் இல்லை. தனியாகக் கார்டு வாங்கிச் செருகினேன். ஒரு மணி நேர நாடா ஏற ஒரு மணி நேரம் ஆகும், குறுக்கு வழி கிடையாது. இடம் சுமார் 13 ஜிபி பிடிக்கும். முதல் தடவை 19ஆவது நிமிடத்தில் நின்று போனது. பிறகுதான் புரிந்தது, ஃபேட்-32 முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்கில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது. என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிய பிறகு முழுசாக ஏறியது.

அப்புறம் எடிட்டிங். ஆடிய காட்சி, இருட்டுக் காட்சி எல்லாம் வெட்டி, பின்னணியில் சினிமாப் பாட்டுப் போட்டு, 40 நிமிடப் படமாக்கினேன். அதே வாரம் தங்கை வந்தாள். பெருமையாகப் பழைய ஹேண்டிகேமிலேயே கேசட்டைப் போட்டுக் காட்டினேன். நாடா சிக்கி, கசங்கி, அறுந்தே விட்டது. "போனால் போகுது, கம்ப்யூட்டர்ல இருக்கே" என்றேன். டிஸ்கும் நிரம்பியிருந்தது. வெட்டாத அந்தப் பெரிய ஃபைலை ஞாயிற்றுக்கிழமை அழித்துவிடுவதாக இருந்தேன்.

சனிக்கிழமை ராத்திரி அம்மா படத்தைப் பார்த்தார்கள். முடிந்ததும் கேட்டார்கள்: "எல்லாம் நல்லாத்தான்டா இருக்கு. அப்பா பேசவே இல்லையே?"

எனக்குச் சுருக்கென்றது. அப்பா வாய் அசைகிறது, கேட்பது பாட்டு. அவர் குரல் இருந்த சத்தத்தை நானே எடுத்துவிட்டிருந்தேன்.

பெரிய ஃபைலைத் திறந்து தேடினோம். கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி, சமையல் கொட்டகையில் அரிசி மூட்டை மேல் கேமராவை அணைக்காமலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறேன். படத்தில் தெரிவது பெஞ்சின் கால்கள் மட்டும். ஜெனரேட்டர் சத்தத்தையும் மீறி அப்பா குரல்: "மேளக்காரங்க சாப்பிட்டாங்களா? முதல்ல அவங்களுக்குப் போடுங்கய்யா." இப்படியே 11 நிமிடம். உபயோகமில்லை என்று நான் முதலில் வெட்டியது அதைத்தான். அம்மா அந்த 11 நிமிடத்தையும் மூன்று தடவை கேட்டார்கள்.

இந்தத் தவறு என்னோடு போகட்டும் என்றுதான் சொல்கிறேன். 1931இல் வந்த நம் முதல் தமிழ்ப் பேசும் படம் 'காளிதாஸ்' இன்று பார்க்கக் கிடைக்கவில்லை. 1969இல் நிலவிலிருந்து வந்த காட்சியின் மூல நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியிருக்கக் கூடும் என்று 2009இல் நாசாவே சொன்னது. நம் வீட்டு நாடா எம்மாத்திரம்?

ஆகவே சில விஷயங்கள். நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள். நாடாவும் கெடும், ஹெட்டும் கெடும். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். மினி-டிவி கேசட் என்றால் அது ஏற்கெனவே டிஜிட்டல், ஃபயர்வயரில் அப்படியே ஏற்றலாம். விஎச்எஸ் என்றால் ஓடுகிற விசிஆரும் ஒரு யுஎஸ்பி கேப்சர் கருவியும் வேண்டும். ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016இல் விசிஆர் தயாரிப்பை நிறுத்திவிட்டது. புதிதாக வாங்க வழியில்லை, ஓடுகிறபோதே முடித்துக் கொள்ளுங்கள். பாட்டுப் போடுங்கள், ஆனால் அசல் சத்தத்தை எடுக்காதீர்கள். வெட்டாத பிரதியை அழிக்காதீர்கள். இன்னொரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் சங்கம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லூரியிலேயே இதற்கென்று முகாம் நடத்தலாம். என் கார்டும் கேபிளும் பழைய கம்ப்யூட்டரும் தயார். தம்பி தங்கைகள் கை கொடுத்தால் போதும். நீங்கள் கேசட்டை எடுத்து வாருங்கள். எந்தக் கொட்டகையில் யார் பேசிக் கொண்டிருக்கிறார்களோ!