விளிம்புக்கல் விட்ட அளவு



பட்டமளிப்பு மேடையில் நின்று, பள்ளிப் படிப்பே வாய்க்காத ஒருவரைப் பற்றிப் பேசப்போகிறேன். உங்கள் கல்லூரி முதல்வர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வில்லியம் எட்மண்ட்சன், அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்துக்காரர். அடிமைகளாக இருந்து விடுபட்ட கறுப்பினப் பெற்றோரின் மகன். ரயில்வேயில் உடலுழைப்பு, பிறகு மருத்துவமனையில் துப்புரவு வேலை. அதுவும் போனபின், அறுபதை நெருங்கும் வயதில் கல் செதுக்க உட்கார்ந்தார். பழைய தண்டவாள ஆணிதான் உளி. இடித்த வீடுகளின் சுண்ணாம்புக்கல்லும் சாலையோர விளிம்புக்கல்லும்தான் சரக்கு.

முதலில் செதுக்கியவை கல்லறைக் கற்கள். பிறகு தேவதைகள், ஆசிரியைகள், ஆட்டுக்கடாக்கள். விளிம்புக்கல்லில் கைவீசி ஆடும் உருவம் அடங்காது. அதனால் அவருடைய மனிதர்கள் கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, நேரே பார்த்தபடி, கட்டையாக நிற்கிறார்கள். அது திறமைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. கல் எவ்வளவு விட்டதோ அவ்வளவையும் எடுத்துக்கொண்டார். 1937-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவர் சிற்பங்களைத் தனிக் கண்காட்சியாக வைத்தது. அங்கே தனிக் கண்காட்சி கண்ட முதல் கறுப்பினக் கலைஞர் அவரே.

கையில் உள்ளதை வைத்துத் தொடங்கியவரைத் தேடி நாஷ்வில் வரை போக வேண்டாம். நாம் கூடியிருக்கும் இதே குத்தம்பாக்கத்தில் 1996-ல் ஊராட்சித் தலைவரான ரங்கசாமி இளங்கோ படித்தது வேதிப் பொறியியல். அவர் முன்னின்று எழுப்பிய சமத்துவபுர வீடுகளோ உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த கற்களால் ஆனவை.

எட்மண்ட்சனின் சுண்ணாம்புக்கல் கொஞ்சம் இளகும். நம் கருங்கல் இளகாது. ஆசான் இல்லாமல் அதைத் தொடுவது எப்படி? விடை மாமல்லபுரத்தில் இருக்கிறது; ஆனால் அங்கே போனால் அர்ச்சுனன் தபசின் முன்னால் செல்ஃபி எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம். ஊரின் மேற்குப் பக்கம் முடிக்காமல் விட்ட பிடாரி ரதங்கள் இருக்கின்றன. மேலே விமானம் துலக்கமாக, கீழே பாறை பாறையாகவே. உச்சியிலிருந்து வெட்டிக்கொண்டே இறங்கியிருக்கிறார்கள். பாதியில் விட்ட குகைகளில் பாறையைக் கட்டம் கட்டமாகக் கீறி, இடையில் துருத்திய கட்டிகளைத் தட்டி எடுத்த தடம் தெரிகிறது. முடிந்த சிற்பத்தில் இந்தத் தடம் ஒன்றும் மிஞ்சாது. அந்த ஊரில் 1957 முதல் சிற்பம் கற்பிக்கும் அரசு நிறுவனம் இருக்கிறது; அதில் இடம் கிடைக்காதவருக்கும் ஆசானாக இந்தப் பாறைகள் உண்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள், வெயிலேறும் முன்பே. பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் உளித்தடம் கண்ணில் படும்.