குறுக்கே போகும் கை: டிரம் செட் இப்படி அமைஞ்சது எப்படி?

போன வாரம் ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருந்தாரு. டிரம்ஸ் வகுப்புக்குப் போய் நாலு மாசம் ஆகுதாம். எழுதுறது, பந்து எறியறது எல்லாமே அவருக்கு இடது கை. ஆனா செட்டுல உட்கார்ந்தா, வலது கையை இடது கைக்கு மேல குறுக்கே போட்டு, இடது பக்கம் இருக்கிற ஹை-ஹாட் சிம்பல்களை அடிக்கச் சொல்றாங்க. அரை மணி நேரத்துல தோள்பட்டை வலி எடுத்துடுது. "கொஞ்சம் மாத்தி வச்சுக்கலாமா சார்?"னு கேட்டிருக்காரு. "டிரம் செட் பொறந்ததே இப்படித்தான், நீதான் மாறணும்"னு பதில் வந்திருக்கு. "அண்ணா, அது நிஜமாவே பொறந்ததே இப்படித்தானா?" இதுதான் அவரோட கேள்வி.

இல்ல தம்பி. டிரம் செட்டுக்குப் பிறந்த தேதியே கிடையாது. அது கொஞ்சம் கொஞ்சமா சேர்ந்த சாமான்.

முன்கதையை வேகமா சொல்லிடறேன், பாதி உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவுல பட்டாளத்து பேண்டுன்னா பெரிய பேஸ் டிரம்முக்கு ஒரு ஆள், ஸ்னேருக்கு ஒரு ஆள், சிம்பலுக்கு ஒரு ஆள். அதே இசை நாடகக் கொட்டகைக்குள்ள வந்தப்போ அத்தனை பேருக்கு இடமும் இல்ல, சம்பளம் கொடுக்க மனசும் இல்ல. ஒரே ஆள் ரெண்டு டிரம்மையும் அடிக்க ஆரம்பிச்சாரு. பேஸ் டிரம் வலது பக்கம் தரையில, ஸ்னேர் எதிர்ல. வலது கை பேஸை ஒரு தட்டு தட்டிட்டு ஸ்னேருக்கு ஓடி வரணும். அந்த ஓட்டத்தைக் காலுக்கு மாத்தினதுதான் பெடல். பல பேர் முயற்சி பண்ணினாங்க. நல்லா வேகமா வேலை செஞ்ச ஒண்ணை 1909ல சிகாகோவுல வில்லியம் லட்விக் கொண்டு வந்தாரு. இன்னிக்கும் டிரம் மேல லட்விக்னு பேர் பார்க்கிறோமே, அவரேதான். வலது கால் பேஸ் பெடலுக்குப் போச்சு. இடது கால் சும்மா இருந்தது.

சும்மா இருந்த அந்தக் காலுக்கு 1920கள்ல ஒரு வேலை கண்டுபிடிச்சாங்க. முழங்காலுக்கும் கீழே ரெண்டு சின்ன சிம்பல், மிதிச்சா ஒண்ணோட ஒண்ணு மோதும். லோ-பாய்னு பேர். கவனிங்க, இதைக் குச்சியால அடிக்கறதா யாரும் நினைக்கவே இல்ல, முழுக்கக் கால் வேலை. 1920களோட நடுவுல அந்தக் குழாயை நீட்டி இடுப்பு உயரத்துக்குக் கொண்டு வந்தாங்க. அதுதான் ஹை-ஹாட். உயரம் வந்ததும் குச்சியும் எட்டிடுச்சு. 1930கள்ல கவுண்ட் பேஸியோட ஜாஸ் குழுவுல டிரம்மர் ஜோ ஜோன்ஸ் தாளத்தையே அதுமேல ஓட விட்டாரு.

இப்ப தம்பியோட தோள்பட்டைக்கு வருவோம். ஹை-ஹாட் இடது பக்கம் வந்தது இடது காலுக்காக. ஸ்னேர் நடுவுல இருந்தது, அதுல இடது கை ஊன்றி நின்னது. தாளம் ஓட்டுறது பெரும்பாலானவங்களுக்கு வலது கை. அதனால வலது கை குறுக்கே போச்சு. காலுக்குன்னு வச்ச ஒரு பொருளைக் கை எட்டிப் பிடிச்ச கதை இது, அவ்வளவுதான். வசதி பார்த்து யாரும் வரைஞ்சு வச்ச படம் கிடையாது.

இதே மாதிரி இன்னொண்ணு. சில பேர் இடது கையில குச்சியை உள்ளங்கை மேலே பார்க்கற மாதிரி பிடிப்பாங்க, பார்த்திருப்பீங்க. அணிவகுப்புல டிரம்மைத் தோள்ல மாட்டினா அது ஒரு பக்கமா சாஞ்சு தொங்கும். உயர்ந்து நிக்கிற விளிம்பைத் தாண்டி அடிக்க இடது கைக்கு அந்தப் பிடி தேவைப்பட்டது. அப்புறம் டிரம் ஸ்டாண்டுல ஏறிடுச்சு, சாய்வுக்கு அவசியமே இல்ல. ஆனா பிடி பழகிப்போச்சுன்னு ஸ்டாண்டையே சாச்சு வச்சுக்கிட்டாங்க. பழக்கம் அவ்வளவு பலமானது.

சரி, நான் சொல்ல ஆசைப்பட்ட கதை இனிமேதான். சிக் வெப். டிரம்ஸ் கத்துக்கிற எத்தனை பேருக்கு இந்தப் பேர் தெரியும்னு நினைச்சா எனக்கு மனசு ஆறாது.

பால்டிமோர்ல 1905ல பிறந்த கறுப்பினப் பையன். சின்ன வயசுலயே முதுகெலும்புல காசநோய். முதுகு கூன் விழுந்து, வளர்த்தி நாலடி சொச்சத்தோட நின்னுடுச்சு. பேப்பர் போட்டுக் காசு சேர்த்து டிரம்ஸ் வாங்கினாரு. நியூயார்க் போனாரு. ஹார்லெம்ல சவாய்னு பெரிய நடனக்கூடம், கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தரையில ஆடின இடம். 1930கள்ல அந்தக் கூடத்தோட சொந்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது, மொத்த இசைக்கோர்ப்பும் மனப்பாடம். பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டைப் பதின்ம வயசுல குழுவுல சேர்த்து வளர்த்துவிட்டவரும் இவர்தான்.

இப்ப அவர் செட்டைக் கண்ணால பாருங்க. பேஸ் டிரம் 28 அங்குலம். இன்னிக்குக் கடையில கிடைக்கிறது சாதாரணமா 20, 22தான். 28 அங்குலம்னா ரெண்டடி நாலு அங்குலம், அந்த மனுஷனோட உயரத்துல பாதிக்கும் மேல! ஓசை வேணும், அதனால டிரம்மைச் சின்னதாக்க அவர் ஒத்துக்கல. மத்ததையெல்லாம் தன்கிட்ட வரவழைச்சாரு. பெடல் அவர் காலுக்குன்னே செஞ்சது. சிம்பல்களைத் தாங்க வாத்துக் கழுத்து மாதிரி வளைஞ்ச தண்டுகள், அது வளைஞ்சு கைக்குப் பக்கத்துல சிம்பலைக் கொண்டு வந்து நிறுத்தும். குழுவோட நடுவுல உயர்ந்த மேடை, அதுமேல அவர் ஆசனம். எட்டாத உடம்பை இழுத்து நீட்டாம, எட்டாத பொருளை இழுத்துக்கிட்டாரு. வலியோடயே வாழ்ந்த ஒருத்தர் கண்டுபிடிச்ச வழி அது.

1937 மே 11. சவாய்ல பெரிய போட்டி. எதிர்ல 'ஸ்விங் ராஜா'ன்னு நாடே கொண்டாடின பென்னி குட்மன் குழு. அதுல டிரம்ஸ் ஜீன் க்ரூப்பா. அழகன், இளைஞன், அமெரிக்காவுலயே பேர் பெற்ற டிரம்மர். உள்ளே இடம் கிடைக்காம ஆயிரக்கணக்கானவங்க தெருவுல நின்னாங்க. ராத்திரி முடிஞ்சப்போ ஜெயிச்சது சிக் வெப். நான் சொல்லல, க்ரூப்பாவே பிற்பாடு வாய்விட்டு ஒத்துக்கிட்டாரு. அந்தப் பெருந்தன்மைக்காக அவர்மேல எனக்கு மரியாதை உண்டு.

ரெண்டே வருஷம். 1939 ஜூன்ல வெப் இறந்துட்டாரு. வயசு 34.

அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பொறுக்காதது. டிரம் செய்யற ஸ்லிங்கர்லேண்ட் கம்பெனியோட விளம்பர முகம் க்ரூப்பா. அவர் கேட்டுத்தான் டாம்களோட ரெண்டு தோலையும் முறுக்கிச் சுருதி சேர்க்கிற வசதியை ஏற்கனவே செஞ்சிருந்தாங்க, அது பெரிய காரியம், மறுக்கல. ஒரு பேஸ், ஒரு ஸ்னேர், பேஸ் மேல ஒரு டாம், தரையில ஒரு டாம்: அவர் வச்சிருந்த வரிசையே டிரம் செட்டோட இலக்கணம் ஆச்சு. விளம்பரத்துல வந்தது, கடையில வந்தது, பாடப் புத்தகத்துல வந்தது. அந்த வரிசை ஒரு ஆரோக்கியமான, வலது கைக்கார, நல்ல வளர்த்தியுள்ள மனுஷனுக்குப் பொருந்தின வரிசை. அவரை ஜெயிச்ச நாலடி மனுஷன் தன் உடம்புக்கு ஏத்தபடி செட்டை வளைச்ச பாடம் எந்தப் புத்தகத்துலயும் முதல் பக்கத்துக்கு வரல.

வராததால என்ன நஷ்டம்னு கேட்பீங்க. ஒவ்வொருத்தரும் தனியா தன் வழியைத் தேட வேண்டியதாச்சு. பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் இடது கைக்காரர். சின்ன வயசுல பாட்டி வற்புறுத்தி வலது கையில எழுத வச்சாங்க. நம்ம வீட்டுல 'பீச்சாங்கையால எடுக்காதே'ன்னு அதட்டறதைக் கேட்டு வளர்ந்தவங்களுக்கு அது புரியும். அவர் வலது கை செட்டுலயே உட்கார்ந்து, இடது கையால உருட்டலைத் தொடங்கினாரு. பீட்டில்ஸ் பாட்டுல அந்த உருட்டல் மத்தவங்களுக்கு எளிதுல வராததுக்கு அது ஒரு காரணம். பில்லி காப்ஹம்னு இன்னொரு டிரம்மர் இன்னும் ஒரு படி போனாரு. கையைக் குறுக்கவே போடல. ஹை-ஹாட் இடது பக்கம்தானே, இடது கையாலயே அடிச்சாரு, ரைடு சிம்பலையும் இடப்பக்கம் கொண்டு வந்துட்டாரு. வயோலா ஸ்மித்னு ஒரு அம்மா, ரெண்டு 16 அங்குல டாமைத் தோள் உயரத்துல ரெண்டு பக்கமும் நிறுத்தி வாசிச்சாங்க. 107 வயசு வரை வாழ்ந்து 2020லதான் காலமானாங்க. டெஃப் லெப்பர்ட் ராக் குழுவோட டிரம்மர் ரிக் ஆலன் 1984 டிசம்பர் 31ல கார் விபத்துல இடது கையையே இழந்தாரு. அந்தக் கை செஞ்ச வேலையை மின்னணு பெடல்கள் மூலமா இடது காலுக்குக் கொடுத்தாரு. 1987ல வந்த அவங்க 'ஹிஸ்டீரியா' ஆல்பம் 2 கோடிக்கும் மேல வித்தது.

நம்ம ஊர்லயும் இதே சிக்கல் மேடை ஏறியிருக்கு. மிருதங்கத்துல பழனி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். மிருதங்கத்தோட வலந்தலைப் பக்கம் சபையைப் பார்த்து இருக்கணும்னா அவர் பாடகருக்கு மறுபக்கம் உட்காரணும், அப்போ வயலின்காரரும் இடம் மாறியாகணும். அதுக்கு இணங்காதவங்க இருந்தாங்க. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவங்க அவரை விடாம மேடையேத்தினாங்க. அந்த வாசிப்பு நமக்குக் கிடைச்சது.

தம்பி, இப்ப உங்க செட்டுக்கு வருவோம். நாளைக்கு வகுப்புக்கு முன்னாடி போய் ஸ்டூலைத் தவிர எல்லாத்தையும் தள்ளி வையுங்க. முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ இருக்கிற மாதிரி உட்காருங்க. காலைத் தானா விழற இடத்துல விடுங்க. பாதம் எந்தத் திசை பார்க்குதோ அந்தத் திசையில பெடல். ரெண்டு தொடைக்கு நடுவுல ஸ்னேர், குச்சியால அடிக்கும்போது கை தொடையில இடிக்காத உயரம். முழங்கையை விலாவோட ஒட்டி வச்சு முன்கையை மட்டும் தூக்குங்க, குச்சி நுனி எங்க நிக்குதோ அங்க டாமோட நடுப்பகுதி வரட்டும். டாமை ரொம்பச் சாய்க்காதீங்க, குச்சி தோலைக் குத்தும். முழங்கை முழுசா நீண்டாத்தான் எட்டுதுன்னா அந்த சிம்பல் தூரத்துல இருக்குன்னு அர்த்தம்.

ஹை-ஹாட்டுக்கு உங்களுக்கு ரெண்டு வழி. செட் உங்களுடையதுன்னா மொத்தத்தையும் கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பிப் போடுங்க. பல பேர் வாசிக்கிற பொதுச் செட்டுன்னா பில்லி காப்ஹம் வழி நல்லது: கால் இரண்டும் இருந்த இடத்துலயே இருக்கட்டும், ஹை-ஹாட்டைக் கொஞ்சம் இறக்கி இடது கையால அடிங்க, ரைடை மட்டும் இடப்பக்கம் நகர்த்துங்க. அடுத்தவருக்குத் திருப்பி வைக்க ரெண்டு நிமிஷம் போதும். தரை விரிப்புல ஒவ்வொரு காலும் நிக்கிற இடத்துல கலர் டேப் ஒட்டிடுங்க, தினமும் தேட வேண்டாம்.

டிரம்ஸ் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புதுசா ஒரு பிள்ளை வந்து உட்கார்ந்தா, முதல் தாளம் சொல்லித்தர்றதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்கி ஸ்டூலைத் திருகி, ஸ்டாண்டை நகர்த்தி, அந்தப் பிள்ளையோட கை கால் அளவுக்குச் செட்டைக் கொண்டு வாங்க. எந்தக் கையால சாப்பிடறே, எந்தக் கையால பந்து எறியறேன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு ஆரம்பிங்க.