வானூர்தியில் மோட்டாரும் பம்பும்

கிணற்று மேட்டில் மோட்டார் ஒருபுறமும் பம்பு மறுபுறமுமாக, இடையே வார் பூட்டி ஓடியதை நம்மிற் பலர் கண்டிருக்கிறோம். பின்னர் இரண்டையும் ஒரே தண்டில் கோத்த 'மோனோபிளாக்' வந்தது. வானூர்தியிலும் அவ்விணைப்பே, ஆயின் அங்கே எடைதான் பகை.

மோட்டாரின் பருமனைப் பெரிதும் நிர்ணயிப்பது முறுக்கு விசை. வேகம் மிகுந்தால் அதே ஆற்றலைச் சிறிய மோட்டாரே தரும். நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 அலைவு. இருமுனை மோட்டார் நிமிடத்திற்கு 3,000 சுற்றைத் தாண்டாது. பல வானூர்திகளின் 400 அலைவு மின்சாரத்தில் அவ்வெல்லை 24,000.

இதனால் என்ன பயன்? 1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் ஒரு டி.சி.10 ஊர்தியின் வால் எஞ்சின் சிதறியது. சுக்கான்களை இயக்கும் அழுத்தத் திரவ அமைப்புகள் மூன்றும் ஒருங்கே வறண்டன. 296 பேரில் 184 பேரே பிழைத்தனர்.

2005இல் முதன்முதல் பறந்த ஏர்பஸ் ஏ380இல் திரவ அமைப்புகள் இரண்டே. மூன்றாவதற்கு ஈடாக, மோட்டார், பம்பு, சிறு திரவக் கலம், உந்து உருளை யாவும் ஒன்றான பெட்டிகளை இறக்கையிலும் வாலிலும் பொருத்தினர். அவற்றிற்குச் செல்வன மின்கம்பிகளே. நீண்ட குழாய்கள் இல்லை. மோட்டார் திசை மாறிச் சுழன்றால் சுக்கானும் திசை மாறும்.

குறையும் உண்டு. பெட்டிக்குள் அடைபட்ட திரவத்தின் சூட்டிற்குப் போக்கிடம் அரிது. ஏ380இல் அவை பெரும்பாலும் வாளாவிருந்து, இடர் நேர்ந்தபோதே இயங்குகின்றன.