பல் நிற அடைப்பு நிலைத்து நிற்க



பல் நலத்தைப் பற்றிப் பேசுவதற்குப் பினாங்கு பொருத்தமான இடமாகும். நியூசிலாந்து 1921இல் தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் திட்டத்தைப் பின்பற்றி, மலாயாவில் அத்தகைய பயிற்சி 1949இல் இங்குதான் தொடங்கிற்று.

அந்நாளில் சொத்தைப் பல்லை அடைக்கப் பெரிதும் பயன்பட்டது பாதரசக் கலவை. குழியின் உட்புறத்தை அகலமாகவும் வாயைக் குறுகலாகவும் குடைந்து அதனை நிரப்புவர். அது சிக்கி நிற்கும். இன்று பரவியுள்ள பல் நிற அடைப்போ பசையினால் ஒட்டி நிற்பதாகும். “அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சில ஆண்டுகளில் விட்டுவிடுகிறதே” என்று பலர் குறைப்படுவது உண்டு. அதன் காரணத்தை அறிந்துகொண்டால் தீர்வும் விளங்கும்.

சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவதை எண்ணிப் பாருங்கள். முதலில் உரசிச் சொரசொரப்பாக்குகிறோம், துடைக்கிறோம், பசையைத் தடவிச் சற்று உலரவிட்டு, அதன் பிறகே ஒட்டை அழுத்துகிறோம். ஈரம் பட்டாலோ அவசரப்பட்டாலோ ஒட்டுப் பிடிக்காது. பல்லுக்கும் இதே நியதிதான்.

பல்லின் மேலோடாகிய எனாமல், எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு தாதுப்பொருளாலானது. அதன்மேல் பாஸ்போரிக் அமிலம் தடவினால் நுண்ணிய பள்ளங்கள் தோன்றிப் பிசின் உறுதியாகப் பிடிக்கும் என்பதை அமெரிக்கரான புவனகோர் 1955இல் வெளியிட்டார். எனாமலில் ஒட்டு நன்கு நிலைக்கிறது.

உட்பகுதியாகிய டென்டினில்தான் தொல்லை. அதில் நீரும் கொலாஜன் நார்களும் உள்ளன. அமிலம் தாதுவைக் கரைத்ததும் நார்வலை வெளிப்படுகிறது. பசை அவ்வலைக்குள் ஊறிக் கெட்டியாவதே ஒட்டுதல் என்பதை ஜப்பானிய அறிஞர் நகாபயாஷி 1982இல் விளக்கினார். பசை எட்டாத இடத்தில் நீர் தங்குகிறது. பல்லிலேயே உறங்கிக் கிடந்த நொதிகள் விழித்து அந்நார்களை அரிக்கின்றன. நீர் பிசினையும் சிதைக்கிறது. நாளடைவில் ஒட்டுத் தளர்கிறது.

ஆகவே, டென்டினில் கடும் அமிலத்தைத் தவிர்த்து, பல்லின் சுண்ணத்தோடு பிணையும் மென்மையான பசையைப் பயன்படுத்தி, எனாமல் ஓரத்தில் மட்டும் அமிலம் தடவுவது ஒரு நல்ல முறையாகும். பசையை நன்கு தேய்த்து, அதிலுள்ள கரைப்பான் ஆவியாகும்வரை காற்றூதி, பின்னர் நீல ஒளியால் முழுமையாக இறுகச் செய்தல் வேண்டும். உமிழ்நீர் படாதிருக்க மெல்லிய ரப்பர் திரை கட்டும் வழக்கம் 1864 முதல் உண்டு. பால்மரத்தின் பாலிலிருந்தும் அத்திரை செய்யப்படுகிறது என்பது தோட்ட மக்களாகிய நமக்குப் பெருமையன்றோ!

மருத்துவர் செய்ய வேண்டியது இது. நாம் செய்ய வேண்டியதும் உண்டு. பசை தடவும் வேளையில் வாயை மூடலாகாது, நாவால் தொடலாகாது. நேரமாகிறதே என்று அவசரப்படுத்தலாகாது. வீடு திரும்பியபின் அடைப்பின் ஓரத்தில் அழுக்குத் தங்காதபடி, புளோரைடு கலந்த பற்பசையால் நாள்தோறும் இருமுறை துலக்க வேண்டும். இனிப்புப் பானங்களை அடிக்கடி பருகும் வழக்கத்தைக் குறைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வலி வரும்வரை காத்திராதீர்கள். ஓரம் கறுத்தாலோ, உணவு சிக்கினாலோ, குளிர்நீர் பட்டுக் கூசினாலோ உடனே காட்டுங்கள். அந்நிலையில் சிறு பழுதுபார்ப்பே போதுமானதாக இருக்கலாம். தாமதித்தால் சொத்தை அடைப்பின் அடியிலேயே புகுந்து, இறுதியில் பல்லையே பிடுங்க நேரிடும். பிள்ளைகளுக்கு முளைத்த நிலைப்பல் ஒன்று போனால் மீண்டும் முளைக்காது என்பதை மறவாதீர்கள்.