பீடித் தட்டும் ரெண்டு புரட்சியும்

(குற்றாலத்தில் நடந்த நம்ம தகவல் தொழில்நுட்ப அணி பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிச்சிட்டுப் பகிருங்க தோழர்களே.)



வெளியே சாரல் அடிக்குது. உங்க மனசு பூரா அருவிலதான் இருக்கும்னு தெரியும். அதனால நேரா விஷயத்துக்கு வந்துடுறேன்.

அரசியல் புரட்சியும் தொழிற்புரட்சியும் பெண்கள் வாழ்க்கையை எப்படி மாத்துச்சு? எனக்குக் கொடுத்த தலைப்பு இதுதான். நான் இன்ஜினியரிங் படிச்சவன். இயந்திரம் வந்தா வாழ்க்கை தானா மாறிடும்னு நம்புற கூட்டத்துல வளர்ந்தவன். ஆனா தேதிகளை வரிசையா எழுதிப் பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு.

இங்கிலாந்துல நூற்பு இயந்திரங்கள் 1760-கள்ல வந்துச்சு. ஆலைக்காரங்க பெண்களையும் பிள்ளைகளையும் கூட்டம் கூட்டமா வேலைக்கு எடுத்தாங்க. காரணம், கூலி கம்மி. பெண்களுக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாதுன்னு சட்டம் வந்தது 1844-ல. சரி, அந்தக் கூலி யாருக்குச் சொந்தம்? கல்யாணம் ஆன பெண் சம்பாதிச்ச காசு சட்டப்படி புருஷனுக்குத்தான். அது அவளுக்கே சொந்தம்னு சட்டம் சொன்னது 1870-ல. இயந்திரம் வந்து நூறு வருஷம் கழிச்சு!

பிரான்ஸைப் பாருங்க. 1789-ல புரட்சி. மனிதன் சுதந்திரமா பிறக்கிறான்னு பிரகடனம். பெண் எங்கேன்னு கேட்டு ஒலிம்ப் தெ கூழ்னு ஒரு பெண் 1791-ல தனியா ஒரு பெண்ணுரிமைப் பிரகடனம் எழுதினாங்க. 1793-ல அதே புரட்சி அரசு அவங்களைக் கில்லட்டின்ல ஏத்துச்சு. அந்த வருஷமே பெண்களோட அரசியல் சங்கங்களுக்கும் தடை. பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைச்சது 1944-ல. நம்ம சென்னை மாகாணத்துல 1921-லயே பெண்களுக்கு ஓட்டு வந்துடுச்சு. சொத்துத் தகுதி உள்ளவங்களுக்கு மட்டும்தான், உண்மை. ஆனாலும் இதுல பாரிஸை விட மெட்ராஸ் முந்தி.

இயந்திரம் கூலியைக் கொடுக்கும், அந்தக் கூலியைப் பெண்ணோட கையில சேர்க்கிறது அரசியல். ரெண்டுல ஒண்ணு மட்டும் வந்தா பாதிக் கிணறுதான்.

இப்போ நம்ம பக்கம் வருவோம்.

மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல, தாமிரபரணித் தண்ணியோட வேகத்தை நம்பி, விக்கிரமசிங்கபுரத்துல ஹார்வி சகோதரர்கள் 1885-ல பஞ்சாலையை ஓட்டினாங்க. நம்ம பகுதிக்குத் தொழிற்புரட்சி அப்படித்தான் வந்துச்சு. அவங்களோட தூத்துக்குடி கோரல் மில்லுல 1908-ல வேலைநிறுத்தம். முன்னாடி நின்னவங்க வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். கேட்டது கூலி உயர்வு, வார விடுமுறை. ஆலைன்னா ஒரு கேட் இருக்கும், சங்கு ஊதும், ஆயிரம் பேர் ஒண்ணா வெளிய வருவாங்க. அதனாலதான் அங்க போராட்டம் நடத்த முடிஞ்சது.

செங்கோட்டையை எடுத்துக்குங்க. 1956 நவம்பர் 1-ல தான் தமிழ்நாட்டோட சேர்ந்தது. அதுவரை திருவிதாங்கூர் பக்கம். அந்த சமஸ்தானத்தோட தென்பகுதியில நடந்ததுதான் தோள்சீலைப் போராட்டம். மார்பை மறைச்சுத் துணி போடுற உரிமைக்காகப் பெண்கள் பல வருஷம் அடி வாங்கினாங்க. 1859-ல தான் அரசு இறங்கி வந்துச்சு. அப்பவும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாதுன்னு நிபந்தனை. உடம்பே தன்னோடது இல்லைங்கிற இடத்துல இருந்துதான் நம்ம பெண்கள் நடந்து வந்திருக்காங்க.

சரி, இன்னைக்கு? பாவூர்சத்திரம், கீழப்பாவூர், ஆலங்குளம், கடையம்னு எந்தத் தெருவுல வேணா நடங்க. திண்ணையில, மடியில தட்டை வெச்சுக்கிட்டு அக்காமாரும் அத்தைமாரும் பீடி சுத்திக்கிட்டு இருப்பாங்க. இலையை நனைச்சு, அளவு வெச்சு வெட்டி, தூள் போட்டு, உருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டணும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவுன்னு கூலி. அவங்க சுத்தின பீடியிலதான் இந்தக் கூட்டத்துல பாதிப் பேர் காலேஜ் ஃபீஸ் கட்டியிருப்போம். கை தூக்கச் சொல்லல, தெரியும்.

இந்த வேலைக்குக் கேட் கிடையாது. சங்கு கிடையாது. வீடுதான் ஃபேக்டரி. இங்கதான் சட்டம் ரொம்ப நாள் திணறுச்சு. 1966-ல பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வந்துச்சு. வீட்டுல சுத்துறவங்களும் தொழிலாளிதான்னு அது சொன்னது பெரிய விஷயம். முதலாளிங்க என்ன செஞ்சாங்க? கண்ணூர்ல 1968-ல மங்களூர் கம்பெனிங்க பட்டறைகளை மூடினாங்க, சுமார் 12,000 பேருக்கு வேலை போச்சு. அந்தத் தொழிலாளர்களை வெச்சு 1969-ல தினேஷ் பீடி கூட்டுறவு உருவாச்சு. இன்னொரு பக்கம் சட்டத்தை எதிர்த்து முதலாளிங்க கோர்ட்டுக்குப் போனாங்க. 1974-ல உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. 1977-ல பி.எஃப். பீடித் தொழிலுக்கும் வந்துச்சு. வீட்டுல சுத்துறவ எங்க தொழிலாளியே இல்லைன்னு மறுபடி வழக்கு. அவங்களுக்கும் பி.எஃப். உண்டுன்னு 1985-ல தீர்ப்பு.

உங்க அம்மா பாஸ்புக்ல இருக்கிற அந்த எண்ணுக்குப் பின்னாடி இருபது வருஷச் சண்டை இருக்கு தோழர்களே.

சொத்தும் அப்படித்தான். மகளுக்கும் பூர்வீகச் சொத்துல சம பங்குன்னு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் தமிழ்நாடு 1989-ல திருத்துச்சு. அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு அதுல பங்கு இல்லை. 2005-ல நாடு முழுக்கத் திருத்தினப்போதான் அவங்களுக்கும் கதவு திறந்துச்சு.

கிடைச்சது அப்படியே நிக்கும்னும் நினைக்காதீங்க. பீடி மேல தனியா ஒரு வரி வாங்கி, அதுல தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை, மருத்துவம்னு செலவு பண்ணினாங்க. 2017-ல ஜி.எஸ்.டி. வந்தப்போ அந்த வரியை எடுத்துட்டாங்க. இப்போ அந்தத் திட்டங்கள் ஒன்றிய பட்ஜெட்டோட தயவுல ஓடுது. 2025 நவம்பர் 21-ல புதுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்துச்சு. 1966 சட்டமும் அதுக்குள்ள கரைஞ்சு போச்சு. திண்ணையில உட்கார்ந்திருக்கிறவங்களுக்குப் பழைய பாதுகாப்பு ஒண்ணும் குறையாம வருதான்னு யார் பார்க்கிறது? நாமதான்.

மூணாவது புரட்சியும் நம்ம ஊருக்கு வந்தாச்சு. மத்தளம்பாறையில 2011-ல இருந்து மென்பொருள் அலுவலகம் இயங்குது. பீடி சுத்தின அம்மாவோட மகள் லேப்டாப்போட வேலைக்குப் போறா. சந்தோஷம். ஆனா வீட்டுல இருந்தே வேலைன்னு வரும்போது அதுக்கும் கேட் கிடையாது, சங்கு கிடையாது. வேலை நேரம் எப்போ முடியுது, சமையல் யார் பண்றது? அம்மா தலைமுறைக்கு வந்த அதே கேள்வி, திரை மட்டும் புதுசு.

நம்ம அணி செய்ய வேண்டியது மீம் போடுறதோட முடியல. மூணு வேலை சொல்றேன்.

ஒண்ணு: உங்க தெருவுல பீடி சுத்துறவங்களோட பி.எஃப். கணக்கை உட்கார்ந்து பாருங்க. ஆதார்ல ஒரு பேர், பி.எஃப்.ல ஒரு பேர், இனிஷியல் இல்லை, பிறந்த தேதி வேற. இந்த ஒரு எழுத்துக்காகப் பணம் சிக்கி நிக்கும். கோட்ல ஒரு கமா தப்பா இருந்தாலே ராத்திரி பூரா தேடுறவங்க நாம. இதையும் தேடலாம்.

ரெண்டு: ஓய்வூதியத்துக்குத் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவங்களைப் பட்டியல் எடுங்க. குறைந்தபட்சம் மாசம் 1,000 ரூபாய்னு 2014-ல நிர்ணயிச்சது. இன்னைக்கு அது எதுக்குக் காணும்னு கேளுங்க, சத்தமா கேளுங்க. ஆனா அந்த ஆயிரத்தையும் முதல்ல வாங்கிக் கொடுங்க.

மூணு: இந்த வேலையெல்லாம் முடிச்சிட்டு, பணம் யார் வங்கிக் கணக்குல ஏறுதுன்னு பாருங்க. அது அவங்க பேர்ல இருக்கிற கணக்கா இருக்கணும். 1870-ல இங்கிலாந்துப் பெண் ஜெயிச்சதும் இதைத்தான்.

போன் உங்க கையில இருக்கு. இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு வீட்டுல ஆரம்பிங்க. எந்த ஊர்ல ஆரம்பிச்சீங்கன்னு கமெண்ட்ல போடுங்க. அந்த அக்காவோட பேர், நம்பர் மட்டும் போடாதீங்க.