இல்லக் கணிப்பொறியும் ஒற்று நிரலும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இன்று எமக்குக் குறிக்கப்பெற்ற பொருள் 'பழந்தமிழர் வாணிகம்' என்பது. அச்சிட்ட அழைப்பிலும் அங்ஙனமே காண்பீர்கள். அதனை விடுத்து வேறொன்று பேசுதற்குச் செயலாளரவர்கள்பால் நேற்றிரவுதான் இசைவு பெற்றோம். தமிழாசிரியன் கணிப்பொறியைப் பற்றியும் பாங்கி அட்டையைப் பற்றியும் பேசுவதோ எனச் சிலர் நகைக்கக்கூடும். யாம் கூறப்புகுவது நூலிற் கற்றதன்று. கைப்பொருள் இழந்து கற்றது. சென்ற திங்களில் நம் மரபினருள் இருவர் இவ்வாறே பொருள் இழந்தனர் எனவும், இருவரும் வாய் திறந்திலர் எனவும் பிறர் வாயிலாக அறிந்தோம். ஆதலின், பழந்தமிழர் வாணிகம் இன்னும் ஓராண்டு பொறுத்திருக்கலாம் எனத் துணிந்தோம்.

2023-ஆம் ஆண்டில் எம் பள்ளியின் ஆண்டு மலர்க்குப் பழைய கட்டுரைகள் சிலவற்றைத் திரட்டினோம். அவை முன்னாளில் வழங்கிய எழுத்துருவில் தட்டச்சிடப்பட்டவை. இற்றைப் பொறியில் திறந்தால் தமிழாகத் தோன்றாமல் ஆங்கில எழுத்துக்களின் குப்பையாய்த் தோன்றும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் நிரல்கள் விலையின்றியே பல கிடைக்கின்றன. ஆயினும், பக்க அமைப்புக் குலையாமல் மாற்றுவதொன்று வேண்டுமென எமக்கோர் ஆசை. அத்தகைய நிரலொன்று விலைக்கு விற்கப்பட்டது. அதனையே பூட்டுடைத்து இலவசமாகத் தருவதாக ஒரு பக்கம் கூறிற்று. இறக்கினோம். நிறுவுமுன் பொறியிலுள்ள காவல் நிரலை நிறுத்திவைக்க வேண்டுமென அங்கே எழுதியிருந்தது. அதனையும் செய்தோம். காவற்காரனை ஊருக்கு அனுப்பிவிட்டு வாயிலைத் திறந்து வை என ஒருவன் சொல்ல, அச்சொற்படியே செய்பவனை நீங்கள் என்ன பெயரிட்டு அழைப்பீர்களோ, அப்பெயரால் எம்மை அழைக்கலாம். பிறர் பொருள் வௌவாமை குறித்து மாணவர்க்குப் பாடஞ் சொல்லும் வாய் எமது என்பதையும் மறைக்கின்றிலோம்.

அந்நிரல் செவ்வனே வேலை செய்தது! இதனைக் கூர்ந்து நோக்குங்கள். அது பழுதுற்றிருப்பின் யாம் ஐயுற்றிருப்போம். கட்டுரைகள் அனைத்தும் அழகுறத் தமிழாயின, மலரும் வெளிவந்தது. உடன் வந்த ஒற்றனோ உள்ளேயே தங்கினான்.

ஸ்பைவேர் என ஆங்கிலத்தில் வழங்குவதனையே யாம் ஒற்று நிரல் என்கின்றோம். திருவள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தாராதலின் சொல் நமக்குப் புதிதன்று. முற்காலத்து வைரஸ்களிற் பல, பொறியைக் கெடுத்துத் தம்மைத் தாமே காட்டிக்கொண்டன. ஒற்று நிரலோ பொறி நன்றாய் நடப்பதனையே விரும்பும். அவற்றுள் ஒருவகை நாம் அழுத்தும் விசை ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளும்; ஒருவகை திரையைப் படம் பிடிக்கும்; மற்றொருவகை உலாவியில் நாம் சேமித்துவைத்த கடவுச்சொற்களையெல்லாம் ஒருங்கே வாரித் தன்னை ஏவியவனுக்கு அனுப்பும்.

இரு கிழமை கழித்து, அயல்நாட்டுப் புத்தக வணிகரொருவரிடம் பழைய அகராதியொன்று விலைக்கு வரக் கண்டோம். நம் நாட்டில் அட்டை கொண்டு இணையத்தில் வாங்குவோர்க்கு இரண்டாவதொரு சோதனை வேண்டுமென ரிசர்வ் பாங்கி 2009 ஆகஸ்டு முதல் விதித்தது. கைப்பேசிக்கு வரும் ஒருமுறை எண் அதன் பயனே. எம் அகராதியை விற்ற கடை அதனைக் கேட்கவில்லை. 2020 ஜனவரியில் ரிசர்வ் பாங்கி வேறொரு காப்பும் செய்தது. புதிய அட்டைகளை உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடையிலும் மட்டும் செல்லுமாறு வழங்கல் வேண்டும். இணையத்துக்கும் அயல்நாட்டுக்கும் உடையவர் தாமே திறந்து, தாமே அடைத்துக்கொள்ள வழிசெய்தல் வேண்டும் என்பது அவ்வாணை. யாம் அகராதிக்காக அயல்நாட்டு வாயிலைத் திறந்தோம். அகராதி வந்தது. வாயிலை அடைக்க மறந்தோம்.

"அக்கடையின் பக்கத்தில் பூட்டுக் குறி இருந்ததா?" எனப் பின்னர் ஒரு நண்பர் வினவினார். இருந்தது. பூட்டுக் குறி பற்றிய மயக்கம் நம்மிற் பலர்க்கு உண்டாதலின் அதனைச் சிறிது விரித்துரைப்போம். நம் பொறியிலிருந்து கடையின் பொறிவரை செல்லும் செய்தி, இடையில் நிற்போர் படிக்கவொண்ணாதபடி மறைத்தெழுதப் பெறுகின்றது என்பதே அக்குறியின் பொருள். அப்பூட்டு வழிக்கு உரியது. வழியின் மறுதலையில் இருப்பவன் நேர்மையாளனா என்பதை அது கூறாது. கள்வனும் தன் பக்கத்துக்கு அப்பூட்டை எளிதிற் பெறுவான். இம்மயக்கம் கருதியே 2023 செப்டம்பரில் குரோம் உலாவி பூட்டுப் படத்தை நீக்கி வேறொரு குறியை வைத்தது. அன்றியும், விசை அழுத்தும்போதே எண்ணைக் குறித்துக்கொள்ளும் ஒற்றன் பூட்டுக்கு இப்பால், நம் விரலுக்கும் திரைக்கும் நடுவே இருக்கின்றான். அவனை வழிப்பூட்டு என் செய்யும்?

'கோடீசுவரரை விட்டு எம்மைப் போன்றாரிடம் எவன் வருவான்?' என நினையற்க. 2007-இல் கண்டறியப்பட்ட ஜீயஸ் என்னும் ஒற்று நிரல், பாங்கிப் பக்கத்தின் தோற்றத்தையே உடையவர் திரையில் மாற்றி, பாங்கி கேளாத விவரங்களையும் பாங்கி கேட்பதுபோற் கேட்டு வாங்கியது. அது கொண்டு ஏறத்தாழ 7 கோடி டாலர் கவர்ந்த கூட்டத்தாரிற் பலரை 2010-இல் அமெரிக்க, பிரிட்டிஷ், உக்ரெயின் காவல் துறையினர் பிடித்தபோது, இழந்தவர் யார் எனப் பார்த்தால் சிறு நிறுவனங்களும், சிற்றூர் ஆட்சிமன்றங்களும், தேவாலயங்களும், தனி மனிதருமே மிகுதி. கல்லாப்பெட்டி சிறிதாயின் காவலும் சிறிது என்பது கள்வர் அறிந்ததே.

இனி எமது இழப்பு. ஓர் இரவு பத்தரை மணிக்கு மூன்று குறுஞ்செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அயல்நாட்டுக் கடைகள் இரண்டில் எம் அட்டையால் 41,260 ரூபாய் செலவாயிற்று என்பது அவற்றின் கருத்து. உடனே அட்டையை முடக்கியிருக்கலாம், முடக்கினோமல்லோம். தவறாக வந்திருக்கும், காலையில் பாங்கியே திருத்திவிடும் எனத் தேற்றிக்கொண்டோம். காலையிலும் சொன்னோமில்லை. பூட்டுடைத்த நிரலைப் பற்றிக் கேட்பார்களே என்ற நாணம் தடுத்தது. ஊரார் பிள்ளைகட்கு அறிவுரை கூறுபவன் ஏமாந்தான் என்பதை எம் மைந்தன் அறியலாகாது என நினைத்தோம். எம் மனைவியாரிடம் அவ்வாண்டு தவணை கட்டுதற்கு வைத்த பணம் வேறு வகையிற் செலவாயிற்று எனப் பொய்யும் சொன்னோம். பத்து நாட்களில் இழந்தவற்றுள் அப்பொய்யே இன்றும் உறுத்துகின்றது. ஒன்பதாம் வேலைநாளில்தான் பாங்கிக்குச் சென்றோம்.

அங்கே மேலாளர் ஒரு தாளைக் காட்டினார். ரிசர்வ் பாங்கி 2017 ஜூலை 6-ஆம் நாள் வகுத்த நெறி அது. பிழை பாங்கியினிடத்தும் இல்லை, கணக்குடையாரிடத்தும் இல்லை என்னுமிடத்து, செய்தி கிடைத்த மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தவர்க்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு நாட்களுள் தெரிவித்த சேமிப்புக் கணக்குடையார்க்கு இழப்பு 10,000 ரூபாயைக் கடவாது. ஏழு கடப்பின் அவ்வப் பாங்கியின் கொள்கைப்படி முடிவு. எமது பாங்கியின் கொள்கைப்படி எமக்கு ஒன்றும் கிடைத்திலது. பிழை எம்முடையதும் ஆகலாம் என அவர் கூறியதை யாம் மறுக்கவும் கூடவில்லை. ஆனால் அத்தாளிற் கண்ட மற்றொரு பகுதியை இங்குள்ளார் யாவரும் மனங்கொள்ள வேண்டும். கணக்குடையாரே கடவுச்சொல்லைப் பிறர்க்குக் கூறி இழந்தாராயினும், அவர் பாங்கிக்குத் தெரிவிக்கும்வரை நேர்ந்த இழப்பே அவரது. தெரிவித்த பின் நேர்வது பாங்கியினது. முழுப் பிழையும் தம்மேல் உடையாரும் விரைந்து சொல்லுதலால் ஊதியம் பெறுவர் என்றபடி. நெறிகள் காலந்தோறும் திருத்தம் பெறுமாதலின் அவரவர் பாங்கியில் இற்றை நிலையைக் கேட்டறிக. எத்திருத்தத்திலும் தாமதித்தவனுக்கு நன்மை வரப்போவதில்லை.

இனி, காக்கும் வழி. நம் இல்லங்களிற் பெரும்பாலும் ஒரே பொறி. அதிலேதான் தந்தையார் ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்புகின்றார், அதிலேதான் சிறுவன் இலவச விளையாட்டு இறக்குகின்றான். விண்டோஸ் பொறியில் முதலில் அமைக்கும் கணக்கு, எதனையும் நிறுவும் அதிகாரம் உடையது. அதனைத் தனியே வைத்துப் பெரியவர் ஒருவர் மட்டும் கடவுச்சொல்லை அறிந்திருக்க; நாள்தோறும் புழங்குதற்குப் பெரியவரும் சிறியவரும் அதிகாரமில்லாச் சாதாரணக் கணக்குகளை அமைத்துக்கொள்க. பத்து நிமிட வேலை. அதன் பின், நிரலொன்று உள்ளே வந்து பொறி முழுவதற்கும் அமர விரும்பின் கடவுச்சொல் கேட்கும், அக்கேள்வியே எச்சரிக்கை. பத்தாம் விண்டோஸுக்கு மைக்ரோசாப்ட் வழங்கிவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. புதிதாய்க் காணும் ஓட்டைகட்கு அடைப்பு வாராத பொறியிற் பாங்கி வேலை செய்யற்க.

பாங்கியின் முகவரியைப் படிக்கும் முறையில் தமிழறிவு உதவும் என்பது எமக்குக் கிடைத்த சிறு மகிழ்ச்சி. 'பசும்பால்' என்பது பால். 'பாற்பசு' என்பது பசு. இறுதியில் நிற்கும் சொல்லே பொருள், முன்னிற்பன அதற்கு அடைமொழி. இணைய முகவரியும் அங்ஙனமே. முதற் சாய்கோட்டுக்கு முன் இறுதியில் நிற்கும் சொற்களே உடையவன் பெயர். தொடக்கத்தில் நம் பாங்கியின் பெயரை எந்தக் கள்வனும் அடையாகச் சேர்த்துக்கொள்ளலாம். இது கருதியே, பாங்கிகளன்றிப் பிறர் பெறவியலாத 'பாங்க்-புள்ளி-இன்' என்னும் ஈற்றுக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாறுமாறு ரிசர்வ் பாங்கி பணித்தது. ஈற்றை நோக்குக. எழுத்தையும் நோக்குக: நம் ககரமும் ஒன்றென்னும் தமிழ் எண்ணும் வடிவில் ஒன்றே அல்லவா? ஆங்கிலத்திலும் 'ஆர்', 'என்' இரண்டும் நெருங்கி நிற்பின் 'எம்' போலத் தோன்றும். இந்த உருவொப்புமையில் வாழ்வோர் பலர்.

ஏனையவற்றை விரைந்து கூறுவோம். உங்கள் பொறியில் வைரஸ் புகுந்தது, இவ்வெண்ணை அழையுங்கள் எனத் திரையில் அலறுவது பொய். அழைத்தால் எனிடெஸ்க் போன்ற தொலைவாட்சி நிரலை நிறுவச் சொல்வர். அதன்வழி நிகழும் மோசடி குறித்து ரிசர்வ் பாங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. இணையத்துக்கெனத் தொகை குறைந்த கணக்கொன்றின் அட்டையைத் தனியே வைத்து, வாங்கும்போது திறந்து, வாங்கியபின் அடைக்க. ஐயமுற்றால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டிக்க. கடவுச்சொற்களை அப்பொறியில் மாற்றற்க, வேறொரு பொறியிலோ கைப்பேசியிலோ மாற்றுக. என்னை? நோயுற்ற பொறியில் மாற்றினால் புதுச்சொல்லும் ஒற்றனுக்கே போகும். எம் பொறியைத் தூய்மை செய்ய வட்டு முழுவதையும் அழிக்க நேர்ந்தது. படியெடுத்து வையாமையால் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதிய பாடக் குறிப்புகளும் உடன் அழிந்தன. 41,260 ரூபாய் மீண்டும் ஈட்டலாம்.

பணம் போயிற்று எனக் கண்டவுடன் பாங்கியையும், அடுத்து 1930 என்னும் எண்ணையும் அழைக்க. மைய அரசினர் 2019 ஆகஸ்டு 30-இல் தொடங்கிய சைபர் குற்ற முறையீட்டுத் தளத்தைச் சார்ந்தது அவ்வெண். போன பணம் கள்வன் கணக்கிலிருந்து எடுக்கப்படுமுன் அதனை நிறுத்திவைக்க முயல்வர். ஆதலின் நாழிகைக் கணக்கே அங்கே கணக்கு.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். பொருள் இழந்து வருவாரிடம் 'படித்தவர் இப்படி ஏமாறலாமா?' என ஒருவரும் முதலிற் கேளாதிருக்க. அக்கேள்விக்கு அஞ்சியே யாம் ஒன்பது நாட்கள் வாளாவிருந்தோம். சென்ற திங்கள் இழந்த இருவரும் அதற்கஞ்சியே இருக்கின்றனர் போலும். முதலில் தொலைபேசியை அவர் கையில் கொடுங்கள். கேட்பதைப் பின்னர்க் கேட்கலாம். அவ்விருவரும் இவ்வவையில் இருப்பின், யாம் நாளைக் காலை பத்து மணிக்குப் பாங்கி வாயிலில் நிற்போம், உடன் வருகின்றோம்.

மடிக்கணிப்பொறி கொணர்ந்தோர், வெளி மண்டபத்தில் அமர்ந்துள்ள நம் பொறியியல் மாணவர் இருவரிடம் உணவுக்கு முன் அதனைக் காட்டுக. சாதாரணக் கணக்கு அமைத்துத் தருவர். இன்று அவர்கள் முதலில் அமைத்துத் தந்தது எம் மைந்தனுக்கு.